நட்டது எத்தனை, நிற்பது எத்தனை: வனத்தோட்டக் கணக்கு ஓர் அறிமுகம்

அரசு நட்ட பத்து ஹெக்டேர் தேக்குத் தோட்டம் ஒன்று. நட்டு இரண்டு வருடம் ஆகிறது. கன்றுகளில் எத்தனை சதவீதம் பிழைத்திருக்கின்றன என்று மூன்று பேரிடம் கேட்கிறோம். ஒருவர் 80 என்கிறார். இன்னொருவர் 64 என்கிறார். மூன்றாமவர் கொஞ்சம் யோசித்து 74 என்கிறார். மூவருமே தோட்டத்துக்குள் இறங்கி நடந்து எண்ணியவர்கள். மூவருக்கும் கிடைத்த எண்ணிக்கையும் ஒன்றுதான்: உயிரோடு நிற்கும் கன்றுகள் 18,400. யாரும் பொய் சொல்லவில்லை.

இது எப்படி நடக்கிறது என்று பிடிபட்டுவிட்டால் வனத்தோட்டக் கணக்கில் பாதி புரிந்த மாதிரி. மீதிப் பாதி பணம் சம்பந்தப்பட்டது. அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் வனத்தோட்டம் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். இயற்கைக் காட்டில் கன்று, இளமரம், கிழமரம் எல்லாம் கலந்து நிற்கும். எதற்கும் பிறந்த தேதி தெரியாது. வனத்தோட்டத்தில் ஓர் இடத்தில், ஒரே ஆண்டில், பெரும்பாலும் ஒரே இனத்தை, இடைவெளி அளந்து நடுகிறோம். வனத்துறையினர் பேச்சில் தோட்டத்தின் பெயரே ஆண்டுதான்: ‘1998 தேக்கு’, ‘2011 யூகலிப்டஸ்’. பிறந்த தேதி இருக்கிறது, எல்லை இருக்கிறது, இனம் தெரியும். இந்த மூன்றும் இருப்பதால்தான் கணக்கு எழுதவே முடிகிறது.

இந்த வேலையை அரசு ஏன் செய்கிறது? தேக்கு வெட்டுக்கு வர ஐம்பது, அறுபது வருடம் ஆகும். அவ்வளவு காலம் காத்திருக்கும் முதலாளி அபூர்வம். 1713இலேயே ஜெர்மனியின் சாக்சனியில் சுரங்க நிர்வாகியாக இருந்த ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ், வெள்ளியை உருக்கும் உலைகளுக்கு விறகு போதாமல் போவதைப் பார்த்து, வளர்வதற்கு மேல் வெட்டாதே என்ற கணக்கை எழுதிவைத்தார். 1840களில் மலபார் கலெக்டர் எச். வி. கனோலி, கப்பல் கட்டத் தேக்கு தேவை என்று நிலம்பூரில் தோட்டம் போட்டார். விதையை முளைக்கவைக்கும் வழி பிடிபடாமல் திணறியபோது அதைச் சாதித்துக் காட்டியவர் அவருக்குக் கீழே வேலை பார்த்த சாத்து மேனன். அந்தத் தேக்குகளில் சில இன்னமும் நிற்கின்றன. முதல் உலகப் போரில் மரத்துக்குத் தவித்த பிரிட்டன், 1919இல் வனத்துக்கென்றே தனி ஆணையம் அமைத்து நடத் தொடங்கியது. நட்டவர் வெட்டுவதைப் பார்ப்பதில்லை என்பது இவை எல்லாவற்றுக்கும் பொது. இடையில் பத்து, பன்னிரண்டு அதிகாரிகள் மாறியிருப்பார்கள். அவர்களை ஒரே சரடில் கோர்ப்பது தோட்டப் பதிவேடு மட்டும்தான்.

பத்து ஹெக்டேர், ஆனால் பத்து இல்லை

இடைவெளிக் கணக்கு சுலபம். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். 2 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளி என்றால் ஒரு கன்றுக்கு 4 சதுர மீட்டர். ஹெக்டேருக்கு 2,500 கன்று. 3க்கு 3 என்றால் 1,111. 5க்கு 5 என்றால் 400. பள்ளிக்கூடக் கணக்குதான்.

நிலம்தான் பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. நம் பத்து ஹெக்டேருக்குள் ஒரு பாறை இருக்கிறது, ஓர் ஓடை போகிறது, நெருப்பு தாண்டாமல் இருக்க வெட்டிவிட்ட தீத்தடுப்புக் கோடு இருக்கிறது. இவற்றைக் கழித்தால் நடத்தக்க நிலம் 9.2 ஹெக்டேர். அதாவது 23,000 குழி. மொத்தப் பரப்பு, நிகரப் பரப்பு என்று இரண்டையும் பதிவேட்டில் தனித்தனியாக எழுதவேண்டும். ஒன்றை மட்டும் எழுதினால் பின்னால் வருபவருக்கு 2,000 கன்று காணாமல் போனதாகத் தெரியும்.

சரிவு இன்னொரு சிக்கல். வரைபடத்தில் தெரியும் பரப்பு கிடைமட்டப் பரப்பு. 30 டிகிரி சரிவில், மண்ணோடு ஒட்டி 2 மீட்டர் அளந்து குழி வெட்டினால், கிடைமட்டத்தில் அது 1.73 மீட்டர்தான். வரைபடத்தில் ஒரு ஹெக்டேர் என்றிருக்கும் இடத்தில் 2,500க்குப் பதில் ஏறக்குறைய 2,890 குழி விழும். கூலி அதிகம் கேட்டு வரும், அலுவலகத்தில் சந்தேகம் வரும். தவறு யார் மேலும் இல்லை. கயிற்றை மட்டமாகப் பிடித்து அளக்கவில்லை, அவ்வளவுதான். குழி எண்ணிக்கையில் சின்ன வித்தியாசம் கண்டவுடன் திருட்டு என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் சரிவைக் கேளுங்கள்.

அந்த மூன்று சதவீதங்கள்

இப்போது ஆரம்பக் கேள்விக்கு வரலாம். 23,000 குழி, 23,000 கன்று. முதல் வருடக் கோடை முடிந்ததும் எண்ணினால் 17,250 பிழைத்திருக்கின்றன, 75 சதவீதம். பட்டுப்போன 5,750 இடத்திலும் அடுத்த மழைக்குப் புதுக் கன்று வைக்கிறார்கள். நெல் வயலில் பாடுவாசி நிரப்புவது போலத்தான். இரண்டாம் வருடம் எண்ணும்போது நிற்பவை 18,400.

முதல் ஆள் 18,400ஐ 23,000 குழியால் வகுத்தார்: 80 சதவீதம். குழிகளில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்பதற்கு இது சரியான விடை. இரண்டாம் ஆள் பாடுவாசிக் கன்றுகளையும் சேர்த்து, இதுவரை நட்ட 28,750ஆல் வகுத்தார்: 64 சதவீதம். செலவழித்த கன்றுகளில் எத்தனை தங்கின என்பதற்கு இதுவே சரி. மூன்றாமவர் திட்ட அறிக்கையைப் பார்த்து, பத்து ஹெக்டேருக்கு 25,000 என்று எடுத்துக்கொண்டார்: 73.6, அதாவது 74. ஒப்புதல் பெற்ற இலக்குக்கு எவ்வளவு கிட்டே வந்திருக்கிறோம் என்பதற்கான விடை அது.

ஒரு சதவீதத்தை மட்டும் சொல்லி, எதால் வகுத்தோம் என்று சொல்லாத அறிக்கையை நான் அறிக்கையாகவே எடுத்துக்கொள்வதில்லை.

இதே குழப்பம் மேலே போகப் போகப் பெரிதாகிறது. பாடுவாசிக் கன்றும் ‘நட்ட கன்று’ என்ற தலைப்பில் சேர்ந்துவிடும். தோட்டம் எவ்வளவு மோசமாகப் பட்டுப்போகிறதோ அவ்வளவு அதிகமாக மறுநடவு நடக்கும். அவ்வளவு அதிகமாக ‘நட்டது’ என்ற எண் ஏறும். தோல்வி சாதனையாகக் கணக்கில் ஏறும் விசித்திரம் இது. ஆகவே பதிவேட்டில் நட்ட எண்ணிக்கையை எழுதும் பத்தியில் முதல் நடவு, பாடுவாசி என்று இரண்டு கட்டம் இருக்கவேண்டும். கூட்டலும் தனித்தனியாகவே போகவேண்டும்.

கடைக்காரர் இருப்புக் கணக்கு எழுதுவது எல்லோருக்கும் தெரியும்: தொடக்க இருப்பு, வரவு, செலவு, முடிவு இருப்பு. தோட்டக் கணக்கும் அதேதான். தொடக்கத்தில் நின்றவை 17,250. வரவு, பாடுவாசி 5,750. ஆக 23,000. கழிவு, பட்டுப்போனவை 4,600. முடிவு இருப்பு 18,400. இப்படி எழுதினால் எந்தச் சதவீதத்தையும் யாரும் பிறகு போட்டுக்கொள்ளலாம். சதவீதத்தை மட்டும் எழுதி வைத்தால் எண்ணிக்கையைத் திரும்ப எடுக்க முடியாது.

நாற்றங்காலுக்கும் தனி இருப்புக் கணக்கு உண்டு. இத்தனை கிலோ விதை வந்தது, இத்தனை முளைத்தது, இத்தனை கன்று தேறியது, இத்தனை வெளியே போனது. தேக்கு விதை சண்டித்தனம் செய்யும். மாறி மாறி ஊறவைத்துக் காயவைத்தால்தான் ஒழுங்காக முளைக்கும். நாற்றங்காலிலிருந்து வெளியேறிய எண்ணிக்கையும் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த எண்ணிக்கையும் பொருந்துகிறதா என்று பார்ப்பதே தணிக்கையின் மிக எளிய, மிகப் பயனுள்ள சோதனை. இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். வைப்பவர்கள்தான் குறைவு.

எண்ணுவது எப்படி

23,000 குழியையும் ஒன்று விடாமல் எண்ணலாம். ஆனால் பல நூறு ஹெக்டேர் இருந்தால் ஆள் போதாது. அதனால் மாதிரி எடுப்பார்கள். தோட்டம் வரிசை வரிசையாக இருப்பதால், குலுக்கலில் ஒரு வரிசையைத் தேர்ந்து, அதிலிருந்து ஒவ்வொரு பத்தாவது வரிசையையும் எண்ணுவது நல்ல வழி. முதல் வரிசையைக் குலுக்கலில் எடுப்பதுதான் இதில் உயிர்நாடி. இல்லாவிட்டால் கால் தானாகவே சாலையோர வரிசைக்குப் போகும். அங்கே வேலி ஒழுங்காக இருக்கும், தண்ணீர் வண்டி எட்டும், பார்வையாளர்கள் வருவார்கள், கன்றும் செழித்திருக்கும். மேட்டுக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்ந்த வரிசை எண்ணிக்கையில் வராமலே போய்விடும். எண்ணியவர் நேர்மையானவராகவே இருந்தாலும் விடை தப்பாகிவிடும்.

எது உயிருள்ள கன்று என்பதும் பார்த்தவுடன் தெரிவதில்லை. கோடையில் தேக்குக் கன்று இலை உதிர்ந்து வெறும் குச்சியாக நிற்கும். புதியவர் அதைச் செத்தது என்று குறித்துவிடுவார். அனுபவசாலி குனிந்து, தண்டின் அடிப்பக்கம் நகத்தால் லேசாகக் கீறிப் பார்ப்பார். பட்டைக்குக் கீழே பச்சை தெரிந்து ஈரம் ஒட்டினால் உயிர் இருக்கிறது. பழுப்பாகப் பொடி உதிர்ந்தால் போய்விட்டது. சில சமயம் மேல்தண்டு காய்ந்து, வேர்க்கழுத்திலிருந்து புதுத்துளிர் வரும். அதையும் உயிர் என்றே சேர்க்கவேண்டும். ஆனால் ‘துளிர்’ என்று ஓரத்தில் குறிக்கவேண்டும், ஏனென்றால் அந்தக் கன்றின் உயரம் ஒரு வருடம் பின்தங்கியிருக்கும்.

மாதமும் முக்கியம். மழை முடிந்த கையோடு எண்ணினால் எல்லாத் தோட்டமும் அழகுதான். நாணயமான எண்ணிக்கை கோடை முடிந்தபின் எடுப்பது. பதிவேட்டில் சதவீதத்துக்குப் பக்கத்தில் எண்ணிய தேதி இல்லையென்றால் அந்தச் சதவீதத்துக்கு மதிப்பு பாதிதான்.

சுமார் ஐந்தாம் வருடத்துக்கு மேல் இந்த எண்ணிக்கைக் கணக்கே பொருளிழக்கிறது. அதற்குள் கன்றுகள் வளர்ந்து ஒன்றையொன்று நெருக்கும். அப்போது ஒன்றுவிட்டு ஒன்று வெட்டி எடுத்து இடம் கொடுப்பார்கள். வனத்துறையில் தின்னிங் என்பார்கள். 2,500 நின்ற இடத்தில் வேண்டுமென்றே 1,250 ஆக்குகிறோம். இப்போது போய், பாதி மரம் காணோம் என்று எழுதினால் என்ன செய்வது? இங்கிருந்து தலை எண்ணுவதை விட்டுவிட்டு, கன அளவுக்கு மாறவேண்டும்.

மரத்தை அளப்பது

நிற்கும் மரத்தை எல்லோரும் ஒரே உயரத்தில் அளக்கவேண்டும் என்பதற்காக மார்பு உயரம் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் அது தரையிலிருந்து 1.37 மீட்டர்; ஐரோப்பாவில் 1.3. சரிவில் மரம் நின்றால் மேட்டுப் பக்கத்திலிருந்து அளக்கவேண்டும். டேப்பைச் சுற்றி, கொடி இருந்தால் விலக்கி, முடிச்சு இருந்தால் சற்று மேலே தள்ளி அளந்து சுற்றளவைக் குறிப்பார்கள். சுற்றளவும் உயரமும் தெரிந்தால் கன அளவு அட்டவணையிலிருந்து மரத்தின் கன அளவை எடுத்துக்கொள்ளலாம்.

வெட்டிய கட்டையை அளப்பது தனிக் கதை. நடுச்சுற்றளவு 120 செ.மீ., நீளம் 5 மீட்டர் உள்ள கட்டையை எடுத்துக்கொள்வோம். உருளை என்று வைத்து முறைப்படி கணக்கிட்டால் 0.573 கன மீட்டர் வரும். ஆனால் மர வியாபாரத்தில் கால் சுற்றளவு முறை என்று ஒன்று உண்டு. சுற்றளவை நான்கால் வகுத்து, வருவதை வர்க்கப்படுத்தி, நீளத்தால் பெருக்குவது: 0.3 × 0.3 × 5, அதாவது 0.45 கன மீட்டர். 1736இல் எட்வர்ட் ஹாப்பஸ் என்ற ஆங்கிலேயர் இதற்கு அட்டவணை போட்டு வெளியிட்டதால் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. அறுக்கும்போது பட்டையும் விளிம்பும் கழிந்துபோகும் என்பதற்காக முன்கூட்டியே விட்டுக்கொடுக்கும் அளவு இது. அசல் கன அளவில் 78.5 சதவீதம்தான் கணக்கில் வரும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. நின்ற மரத்தை ஒரு முறையில் மதிப்பிட்டு, கிடங்கில் கட்டையைக் கால் சுற்றளவில் அளந்தால், ஒரு கட்டைகூடத் தொலையாமலே 21.5 சதவீதம் ‘காணாமல்’ போகும். இதற்கு விளக்கம் கேட்டு, பதில் எழுதி, மறுபடி கேட்டு, கோப்பு வருடக் கணக்கில் சுற்றும். அளவை முறையை ஒரு வரியில் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தால் அத்தனை தாளும் மிச்சம்.

அளவுகள் கையில் இருந்தால் எப்போது வெட்டலாம் என்பதற்கும் விடை கிடைக்கும். ஒரு ஹெக்டேரில் 20ஆம் வயதில் 120 கன மீட்டர், 30இல் 240, 40இல் 340, 50இல் 410, 60இல் 460 என்று வைத்துக்கொள்வோம் (விளங்குவதற்காக நான் போட்ட எண்கள்). வயதால் வகுத்தால் ஆண்டுச் சராசரி வளர்ச்சி முறையே 6, 8, 8.5, 8.2, 7.7. நாற்பதை ஒட்டி உச்சிக்குப் போய் இறங்குகிறது. அதற்கு மேல் விட்டால் மரம் வளராது என்று பொருளில்லை. அந்த நிலம் வருடத்துக்குத் தரும் சராசரி குறையத் தொடங்குகிறது. கன அளவு மட்டுமே குறி என்றால் உச்சியில் வெட்டலாம். பெருமரத்துக்கு விலை அதிகம் என்றால் இன்னும் காக்கலாம். மண்ணரிப்பைத் தடுக்கப் போட்ட தோட்டம் என்றால் இந்தக் கணக்கையே மூடிவைத்துவிடலாம்.

பணம்

அரசுக் கணக்கு பெரும்பாலும் ரொக்க அடிப்படையில் நடப்பது. இந்த வருடம் பணம் போனால் இந்த வருடச் செலவு. வந்தால் இந்த வருட வரவு. இந்திய மாநிலங்களை எடுத்துக்கொண்டால் வனத்துறையின் வரவு 0406 என்ற கணக்குத் தலைப்பிலும், வருவாய்க் கணக்குச் செலவு 2406இலும், மூலதனச் செலவு 4406இலும் ஏறும். மரம் விற்ற பணம் அரசின் தொகுநிதிக்குப் போய்விடும். தோட்டத்துக்குத் தானாகத் திரும்பி வராது. இவை எல்லாம் ஒழுங்கான ஏற்பாடுகள்தான். ஆனால் ‘1998 தேக்கு’ என்ற ஒரு தோட்டம் இதுவரை எவ்வளவு தின்றது, எவ்வளவு தந்தது, இப்போது எவ்வளவு கையில் வைத்திருக்கிறது என்ற மூன்றும் ஒரே பக்கத்தில் எங்கும் வராது. நட்ட வருடம் அது ஒரு செலவு. வெட்டிய வருடம் அது ஒரு வரவு. நடுவில் உள்ள ஐம்பது வருடம் அந்த மரங்கள் கருவூலத்தின் கண்ணுக்கு இல்லவே இல்லை.

எரிந்துபோனாலும் அப்படித்தான். இருபது வருடத் தோட்டம் தீயில் போனால் ரொக்கக் கணக்கில் ஒரு பைசா நட்டம் தெரியாது. தீயணைத்த கூலி மட்டும் செலவில் வரும்.

இதைச் சரிக்கட்ட முதல் வழி, மிக எளிய வழி, தோட்டத்துக்கு ஒரு செலவு அட்டை. கன்று, குழி, களையெடுப்பு, வேலி, காவல், தீத்தடுப்பு என்று அந்தத் தோட்டத்துக்கு ஆனதை வருட வாரியாக அதில் எழுதிக்கொண்டே போவது. கருவூலத்துக்கு இது தேவையில்லை. தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவருக்குத் தேவை.

அட்டையில் கூட்டும்போது காலத்தின் விலையையும் நினைவில் வைக்கவேண்டும். இன்று போடும் 100, ஆண்டுக்கு 4 சதவீதக் கூட்டுவட்டியில் ஐம்பது வருடத்தில் 711 ஆகும். 8 சதவீதத்தில் 4,690. ஆக, நட்ட வருடச் செலவை எவ்வளவு வட்டி விகிதத்தில் முன்னே கொண்டுபோகிறோம் என்பதே தோட்டம் லாபமா நட்டமா என்பதைத் தீர்மானித்துவிடும். 1849இல் மார்ட்டின் ஃபாஸ்ட்மன் என்ற ஜெர்மானிய வனவியலார், நட்டு, வெட்டி, மறுபடி நட்டு என்று முடிவில்லாமல் போகும் சுழற்சிகளை எல்லாம் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும் சூத்திரத்தைத் தந்தார். வட்டி கூடினால் சீக்கிரம் வெட்டு, குறைந்தால் பொறுத்து வெட்டு என்பது அதன் சாரம். என் கட்சி இது: அரசுத் தோட்டத்துக்கு வங்கி வட்டியைப் போட்டுப் பார்த்து ‘நட்டம்’ என்று சொல்பவர்கள், நிழலுக்கும் நீருக்கும் என்ன விலை போட்டார்கள் என்றும் சொல்லவேண்டும்.

இரண்டாவது வழி, மரத்தையே சொத்தாகக் கணக்கில் காட்டுவது. நிறுவனங்களுக்கான சர்வதேசக் கணக்கு நியமம் 41, அரசுகளுக்கான பொதுத்துறை நியமம் 27, இரண்டும் இதையே சொல்கின்றன: விற்பனைக்காக வளர்க்கும் மரத்தை, ஒவ்வோர் ஆண்டுக் கடைசியிலும், விற்றால் கிடைக்கும் நியாய விலையிலிருந்து விற்கும் செலவைக் கழித்துக் காட்டு, போன ஆண்டு மதிப்புக்கும் இந்த ஆண்டு மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை லாப நட்டத்தில் எழுது. இப்போது வளர்ச்சி கணக்கில் தெரியும், தீயும் தெரியும்.

ஆனால் சந்தை விலை ஏறினாலே லாபம், இறங்கினாலே நட்டம். ஒரு மரம்கூட அசையாமல் அறிக்கை ஆடும். அதனால் வித்தியாசத்தைப் பிரித்துக் காட்டுவது நல்லது: இவ்வளவு வளர்ச்சியால், இவ்வளவு விலையால். நட்டுச் சில மாதமே ஆன கன்றுக்குச் சந்தை ஏது என்று கேட்பீர்கள். பெரிய வளர்ச்சி இன்னும் நடக்காத நிலையில் ஆன செலவையே மதிப்பாக வைத்துக்கொள்ள நியமம் இடம் தருகிறது.

ரப்பர் மரத்துக்குக் கதை வேறு. அங்கே விற்பது பால். மரம் இயந்திரம் மாதிரி. அதனால் 2014இல் செய்த திருத்தத்தில், ஆண்டாண்டுக்கு விளைச்சல் தரும் இந்த வகை மரங்களை இயந்திரத்தைப் போலவே வாங்கிய செலவில் காட்டி, தேய்மானம் போடலாம் என்று ஆக்கினார்கள். தேக்குக்குத் தேய்மானம் கிடையாது. அது நாளுக்கு நாள் பருக்கிறது.

நிலத்தையும் மரத்தையும் பிரித்து எழுதுவதும் அவசியம். இதற்கு நியூசிலாந்து நல்ல உதாரணம். அங்கே 1987இல் அரசு வனத்துறையைக் கலைத்தார்கள். 1989இல் வந்த சட்டத்தின்படி மரங்களை மட்டும் தனியாருக்கு விற்று, மண்ணை அரசே வைத்துக்கொண்டது. அந்த மண் மீது மாவோரி மக்களின் உரிமைக் கோரிக்கைகள் நிலுவையில் இருந்தன. மண்ணும் மரமும் ஒரே தொகையாகக் கணக்கில் கிடந்தால், இப்படி ஒரு நாள் வரும்போது மரத்தின் விலை என்ன என்று சொல்ல முடியாது.

மழை ஒரு தேதி, பணம் ஒரு தேதி

நிதியாண்டுக்கு மழை தெரியாது. இந்தியாவில் நிதியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. தென்மேற்குப் பருவமழை ஜூனில் வரும். முதல் மழைக்கு நடவேண்டுமென்றால் குழி அதற்கு முன்பே ஆறவிட்டுக் கிடக்கவேண்டும். கன்றோ போன நிதியாண்டிலேயே நாற்றங்காலில் போட்டிருக்கவேண்டும். ஒரே நடவு இரண்டு நிதியாண்டில் கால் வைக்கிறது. ஒதுக்கீடு ஆகஸ்டில் வந்து சேர்ந்தால் நடவு செப்டம்பருக்குத் தள்ளும், கன்று வேர் பிடிக்குமுன் மழை நின்றுவிடும். அடுத்த கோடையில் எண்ணும்போது வரும் குறைந்த சதவீதத்துக்குக் காரணம் களத்தில் இருக்காது. ஒதுக்கீட்டு உத்தரவின் தேதியில் இருக்கும். அந்தத் தேதியையும் நடவு தேதியையும் பதிவேட்டில் அடுத்தடுத்து எழுதிவிட்டால் யாரும் விளக்கம் சொல்லவேண்டியதில்லை.

மூன்றாம், நான்காம் ஆண்டுப் பராமரிப்புக்குப் பணம் வராமல் போவதும் இதே நோய்தான். நடவு விழாவுக்கு உள்ள கவர்ச்சி களையெடுப்புக்கு இல்லை. ஆண்டு முடிவில் மீதம் காலாவதியாகாத தனி நிதி ஒன்று இருந்தால் இது குறையும். இந்தியாவில் வனநிலத்தை வேறு வேலைக்கு எடுப்பவர்கள் செலுத்தும் தொகைக்கு, 2016ஆம் ஆண்டின் ஈடுசெய் காடுவளர்ப்பு நிதிச் சட்டம் அப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்தது. தொகையில் 90 சதவீதம் மாநிலத்துக்கு, 10 சதவீதம் தேசிய நிதிக்கு. பணம் நிற்கிறது, கன்று நிற்கிறதா என்பதை மறுபடி குனிந்துதான் பார்க்கவேண்டும்.

வெட்டும்போது

ஒரு வனக் கோட்டத்தில் 500 ஹெக்டேர், சுழற்சி ஐம்பது வருடம் என்றால், வருடத்துக்குப் பத்து ஹெக்டேர் வெட்டிப் பத்து ஹெக்டேர் நடுவதுதான் லட்சிய நிலை. ஒன்று முதல் ஐம்பது வரை எல்லா வயதுக்கும் பத்துப் பத்து ஹெக்டேர் நிற்கும். நடப்பில் அப்படி இருக்காது. நியூசிலாந்தில் 1920களிலும் 30களிலும் மடமடவென்று பைன் நட்டார்கள், பிறகு தொய்வு. அந்த மேடு பள்ளம் அப்படியே வெட்டு வருடங்களிலும் வரும். ஹெக்டேரை வயது வாரியாகப் பிரித்து ஓர் அட்டவணை போட்டால், இருபது வருடம் கழித்து வரவு எங்கே வறண்டுபோகும் என்று இன்றைக்கே தெரியும்.

வெட்ட முடிவான மரத்தில் எண் போட்டு, சுத்தியல் முத்திரை அடிப்பார்கள். முத்திரை இரண்டு இடத்தில் விழும்: மார்பு உயரத்தில் ஒன்று, தரையை ஒட்டிய அடியில் ஒன்று. மரம் வண்டி ஏறிப் போனபின் மேல்முத்திரை கட்டையோடு போய்விடும். அடிமுத்திரை அடிக்கட்டையில் நிற்கும். பதிவேட்டில் 212 மரம், களத்தில் முத்திரை உள்ள அடிக்கட்டை 212, முத்திரையில்லாத அடிக்கட்டை 9 என்றால், அந்த ஒன்பதைப் பற்றித்தான் பேசவேண்டும். நின்றபோது மதிப்பீடு, விழுந்தபின் அளவு, கிடங்கில் அளவு, ஏலத்தில் போனது: ஒரே மரத்துக்கு நான்கு புத்தகம். நான்கிலும் மர எண் ஒன்றாக இருந்தால் நூல் அறுபடாது.

தள்ளுபடி

எல்லாப் பதிவேட்டிலும் தள்ளுபடிப் பக்கம், அதாவது அழிந்துபோன தோட்டத்தைக் கணக்கிலிருந்து நீக்கி எழுதும் பக்கம், இருக்கிறது. அது பெரும்பாலும் வெள்ளையாகவே இருக்கிறது. வறட்சியில் போன தோட்டத்தைப் போய்விட்டது என்று எழுத எவருக்கும் மனம் வருவதில்லை; எழுதினால் ஏன் போனது என்று கேட்பார்கள். எழுதாமல் விட்டால் தோட்டம் காகிதத்தில் வளர்ந்துகொண்டே இருக்கும். சில வருடம் கழித்து அதே நிலத்தில் வேறு திட்டத்தின் பெயரில் மறுபடி நடுவார்கள். இரண்டும் பட்டியலில் இருக்கும். இப்படியே போனால் ஒரு சரகத்தின் மொத்த வனத்தோட்டப் பரப்பு அந்தச் சரகத்தின் பரப்பையே தாண்டிவிடலாம். முன்பெல்லாம் இதைக் கண்டுபிடிக்கப் பழைய வரைபடங்களை வெளிச்சத்துக்கு எதிரே ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்துப் பார்க்கவேண்டும். இப்போது ஒவ்வொரு தோட்டத்தின் எல்லையையும் ஜிபிஎஸ்ஸில் நடந்து எடுத்து, செயற்கைக்கோள் படத்தின் மேல் போடுகிறார்கள். ஒன்றன்மேல் ஒன்று விழும் தோட்டங்கள் உடனே தெரிந்துவிடுகின்றன.

ஒழுங்கான தள்ளுபடிப் பதிவு இரண்டே வரி. “2014 தேக்கு, நிகரப் பரப்பு 6 ஹெக்டேர், தீ, 2019 மார்ச், நின்றவை 7,100, எஞ்சியவை 310, நீக்கப்பட்டது.” அடுத்த வரியில்: “இதே இடம், 2020 நடவு, புதிய எண் பார்க்க.”